அம்மாவை அனுப்பிவிட்டு அட்டவணை தேடுகிறீர்களே!

கேள்வி: ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ஆதியாகமத்தில் ஆரம்பிக்கிறேன். மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தைத் தாண்டியதே இல்லை. காலை 5 மணிக்கு எழுந்து தனி அறையில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. ராத்திரி படிக்கலாம் என்றால், கண்ணில் புரை விழுந்த அம்மா பைபிளைத் தூக்கிக்கொண்டு வந்து, “ஒரு சங்கீதம் வாசிச்சுச் சொல்லுய்யா” என்று நிற்பார்கள். அவர்களுக்குச் செல்போனில் ஆடியோ பைபிள் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆயுசு முழுக்க நிலைக்கும்படி வேதம் படிக்க நல்ல அட்டவணை ஒன்று சொல்லுங்கள்.
— 46 வயது வாசகர், பசுமலை

பதில்: தம்பி, அட்டவணை கேட்டு எனக்குக் கடிதம் வராத மாதமே கிடையாது. நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வேதத்தின் 1,189 அதிகாரமும் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். இந்தக் கணக்கு உங்களுக்கும் தெரிந்ததுதான். ஜனவரி தோறும் அதை வைத்துத்தானே தொடங்குகிறீர்கள்?

உங்கள் அம்மாவைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. வேதம் படிக்க வேண்டும் என்று ஏங்குகிறீர்கள். அதே வீட்டில் ஒருத்தர் கையில் வேதத்தோடு ராத்திரிதோறும் உங்கள் முன்னால் வந்து நிற்கிறார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, படிக்க வழி சொல்லுங்கள் என்று எனக்கு எழுதுகிறீர்களே, இது என்ன நியாயம்?

போனைக் குறை சொல்லவில்லை. நீங்கள் வீட்டில் இல்லாத பகல் பொழுதில் அது அம்மாவுக்கு நல்ல துணை. ஆனால் ராத்திரி அவர்கள் உங்களைத் தேடி வந்தது, பெற்ற பிள்ளை வாயால் கேட்க. வசனத்தை உங்களுக்கு முதலில் வாசித்துச் சொன்னது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மாற்கு சுவிசேஷம் 7ஆம் அதிகாரத்தை இன்றைக்கே எடுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிக் கைகழுவினவர்களை ஆண்டவர் எப்படிக் கண்டித்தார்? தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். வசனம் படிக்கவே அம்மாவை ஒதுக்கினேன் என்று நீங்கள் சொன்னாலும் எனக்கு அது அதே குற்றமாகத்தான் தெரிகிறது. தாய்க்குச் செய்யாத மகனின் வேதப்படிப்பை நான் மெச்சமாட்டேன்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார். சுவிசேஷகரான பிலிப்பு ஓடிப்போய்ச் சேரும்போது அது அவர் காதில் விழுகிறது. வாய்விட்டு வாசித்ததால்தான் விழுந்தது. அதனால்தான், வாசிப்பது புரிகிறதா என்று கேட்கவும் முடிந்தது. அம்மா முன்னால் நீங்களும் வாய்விட்டுத்தான் வாசிக்க வேண்டும், தூக்கம் வராது. நடுவில், “அது யாருய்யா? முன்னாடி வந்த ஆளா?” என்று கேட்பார்கள். நீங்கள் நாலு பக்கம் பின்னால் புரட்டித் தேடுவீர்கள். அந்தத் தேடல்தான் படிப்பு. பதில் கிடைக்காத கேள்வியை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் கேளுங்கள்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு உட்காருங்கள். முதலில் மாற்கு, மொத்தம் 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று போதும். அப்புறம் ரூத். சங்கீதத்தை அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும். 119ஆம் சங்கீதத்தைக் கேட்டால் 176 வசனத்தையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். அது எட்டெட்டு வசனமாக 22 பகுதி. லேவியராகமத்தைப் பிறகு புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்தோடு சேர்த்து வாசியுங்கள், லேவியராகமத்தில் வருகிற பலிகளெல்லாம் எதற்கு என்று விளங்கும். ஒரு நாள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மறுபடி ஆதியாகமத்துக்கு ஓடாதீர்கள். இந்த வேகத்தில் முழு வேதமும் முடிய மூன்றேகால் வருஷம் ஆகும். ஆகட்டுமே.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவர்களும் பாயில் உட்காரட்டும். தன் இளம் ஊழியனான தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசவரும் அப்போஸ்தலன் பவுல், முதலில் பாட்டி லோவிசாளையும் அப்புறம் தாய் ஐனிக்கேயாளையும்தான் சொல்கிறார். பாட்டிக்கு அப்பா வாசிப்பதை உங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கண்ணில் புரை என்று எழுதினீர்களே, ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை? 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உங்கள் மதுரையில்தான் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ ரயிலேறி அங்கே வருகிறார்கள். பசுமலையிலிருந்து அண்ணா நகருக்கு அம்மாவை அழைத்துப்போக உங்களுக்கு ஒரு நாள் லீவு கிடைக்காதா? வேறு உடம்புக் காரணம் இருந்தால் அதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பார்வை திரும்பிவிட்டால், இனி அம்மாவே வாசித்துக்கொள்வார்கள் என்று எழுந்து போய்விடவும் கூடாது. ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் அவர்கள் என்று மாறி மாறி வாசியுங்கள். இந்த வாரமே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.