ஒசாகா வாடிக்கையாளர் இன்வாய்ஸைத் திருப்பி அனுப்புவது ஏன்?

13 இலக்க நிறுவன எண் போட்டும் உங்கள் ஜப்பான் கிளையின் இன்வாய்ஸ் திரும்பி வருகிறதென்றால், பெரும்பாலும் எண்ணுக்கு முன்னால் 'டி' (T) என்ற ஆங்கில எழுத்து இல்லாததுதான் காரணம்.

2023 அக்டோபரிலிருந்து வெறும் நிறுவன எண் போதாது. வரி அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும்; பதிந்தால்தான் எண்ணுக்கு முன்னால் அந்த 'டி' போடலாம். இல்லாவிட்டால் வாங்குபவருக்கு நுகர்வு வரிக் கழிவு முழுசாகக் கிடைக்காது. இதை வெளிப்படையாகச் சொல்லச் சங்கடப்பட்டு, பணிவாகத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

தேசிய வரி முகமையின் பதிவுத் தேடல் பக்கத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் வரவில்லையா, பதிவு ஆகவில்லை; சும்மா 'டி' சேர்த்து அனுப்பிவிடாதீர்கள், அது வம்பு. பெயர் வந்தால், வரி விகிதமும் வரித்தொகையும் இன்வாய்ஸில் இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், பதிந்துவிட்டால் விற்பனை 1 கோடி யென்னுக்குக் கீழே இருந்தாலும் நுகர்வு வரிக் கணக்கு தாக்கல் செய்தே ஆகவேண்டும்.