பழைய பேன்டமுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து காலமான ஒருவரின் பி.எஸ்.ஏ. பேன்டம் 125 மோட்டார் சைக்கிள் பல வருடமாக ஸ்டோரில் கிடக்கிறது. மகன் 150,000 ரூபா கேட்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கித் திருத்தினால் நல்ல விலைக்கு விற்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தம்பி, நகையை அடகு வைத்து வேண்டாம். வண்டி வேண்டுமா என்பதை அப்புறம் பார்ப்போம்.

அடகு வட்டி மாதம் ஒன்றரை வீதம் என்றே வைப்போம். 150,000 ரூபாவுக்கு மாதம் 2,250. இந்த மாதிரி வேலை சொன்ன நாளில் முடியாது. சாமான் வர வேண்டும், வண்டி திருத்தும் பாஸுக்கு நேரம் கிடைக்க வேண்டும். 18 மாதம் இழுத்தால் வட்டி மட்டும் 40,500. வண்டி அப்போதும் ஸ்டார்ட் ஆகியிருக்காது. நகை மூழ்கினால் வீட்டில் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? அரசாங்க ஆசிரியருக்குக் கிடைக்கும் இடர் கடனையும் இதற்குத் தொடாதீர்கள். அது வீட்டுக்கும் வருத்தத்துக்கும் இருக்கட்டும்.

விலை பேசுவதற்கு முன் புக்கை, அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தை, கேளுங்கள். சொந்தக்காரர் இறந்துவிட்டதால் மகனின் கையெழுத்து மட்டும் போதாது. மரணச் சான்றிதழ் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். ஒரு சகோதரி வெளிநாட்டில் இருந்தால் அதற்கே மாதக்கணக்கில் ஓடும். சொந்தக்காரர் கையெழுத்து மட்டும் போட்டு வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்ட 'ஓப்பன் பேப்பர்' தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்துப் போட வேண்டிய மனிதர் உயிரோடு இல்லை. வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் புதுப்பிக்கவில்லை, நிலுவையும் தண்டமும் எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, அதை விலையில் கழியுங்கள்.

அடுத்து, டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போங்கள். ஹேண்டிலுக்குக் கீழே சேஸியின் கழுத்தில் அடித்திருக்கும் நம்பரைத் துணியால் துடைத்துப் புக்கோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் நம்பரையும் பாருங்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே வெளிச்சம் அடியுங்கள். நம் மலைப் பனியில் உள்பக்கம்தான் முதலில் துருவேறும். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். அசைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இறுகியிருந்தால் காலால் உதைக்காதீர்கள், பிஸ்டனும் ரிங்கும் போய்விடும்.

இந்த வண்டியில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் எளிமை. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 வண்டியின் வடிவமைப்பு, போர் இழப்பீடாகப் பிரித்தானியாவுக்குப் போய் 1948இல் பேன்டம் ஆனது. டூ ஸ்ட்ரோக் என்பதால் வால்வு வேலை கிடையாது. ஆனால் கிராங்க் பேரிங்கும் சீலும் பழசானால் இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டும். சாமான் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அகப்பட்டால் நல்லது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் தீர்வையும் சேரும். பழைய பேன்டம் ஒன்றையாவது பிரித்துப் பூட்டிய பாஸிடம் செலவுக் கணக்கை எழுதி வாங்கி, அதில் பாதியை மேலே கூட்டிக்கொள்ளுங்கள்.

விற்று லாபம் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய வண்டிகளுக்கும் விலை ஏறியது உண்மை. 2025இல் இறக்குமதி திரும்பத் தொடங்கிவிட்டது, அந்த ஏற்றத்தை நம்பிக் கடன்படக் கூடாது. பேன்டம் கேட்டு வருகிறவர்களும் குறைவு. அவசரத்துக்கு விற்கப் போனால் வந்தவர் சொல்வதுதான் விலை.

ஆசைக்காக ஓட்டப்போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம், சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில். முதலில் பிரேக், டயர், வயரிங், அப்புறம் இன்ஜின், பெயின்டும் நிக்கலும் கடைசியில். கையில் காசு தீர்ந்தால் வேலையை நிறுத்துங்கள், வண்டி காத்திருக்கும். மூன்றாம் நபர் காப்புறுதி களவுக்கும் தீக்கும் பணம் தராது, அதையும் யோசித்து வையுங்கள்.

இந்தக் கிழமையே மகனிடம் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். புக் இல்லையென்றால் அது உதிரிப்பாக விலைக்குத்தான் பெறும். 150,000 என்ற பேச்சுக்கே இடமில்லை.