மகப்பேறு விடுப்பு முடிந்து வந்தேன், அப்ரைசலில் ரேட்டிங்கைக் குறைத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

முதலில் மேனேஜரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பல ஐடி நிறுவனங்களில் ரேட்டிங் பெல் கர்வில்தான் (மேல் ரேட்டிங் இத்தனை பேருக்கு, கீழ் ரேட்டிங் இத்தனை பேருக்கு என்று முன்கூட்டியே பங்கு பிரிக்கும் முறை) ஓடுகிறது, டீமில் யாராவது கீழே விழுந்தே ஆக வேண்டும், ஆறு மாதம் கண்ணில் படாதவர் தலையில் அதைக் கட்டுவது சுலபம் (தினமும் கூட டீ குடிக்க வருகிறவர் தலையில் கட்ட மனசு வருமா?). மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும், பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். ஆனால் ரேட்டிங் என்று சட்டம் நேரடியாகச் சொல்வதில்லை, அங்கேதான் இடிக்கும். அதனால் விடுப்புக்கு முன் முடித்த வேலைகள், கிளையன்ட் பாராட்டிய மெயில்கள் எல்லாவற்றையும் திரட்டி, "எந்தெந்த மாதங்களை வைத்து இந்த ரேட்டிங்?" என்று ஹெச்ஆரையும் சேர்த்து மெயிலிலேயே கேளுங்கள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று மேனேஜர் வாயால் சொன்னால், சரி, அதையும் அன்றைக்கே மெயிலில் எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள்.