என்னிடம் மட்டும் ஏன் இப்படி ஆடுகிறார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி, வேலை கோவையில். வாரநாட்களில் அங்கே மாலையில் பூல் (டேபிளில் க்யூ என்ற கோலால் அடித்துப் பந்தைப் பாக்கெட்டில் போடும் ஆட்டம்) ஆடுவேன். சனி, ஞாயிறு ஊருக்கு வந்தால் கோத்தகிரியிலும் குன்னூரிலும் நடக்கும் சின்ன எயிட் பால் போட்டிகளில் சேர்ந்துகொள்வேன். பெரும்பாலும் பெஸ்ட் ஆஃப் ஃபைவ்தான்; ஐந்து ஃபிரேமில், அதாவது ஐந்து ஆட்டத்தில், முதலில் மூன்றை ஜெயிப்பவருக்குப் போட்டி.

மற்றவர்களிடம் சொதப்புகிற ஆட்கள் என்னிடம் வந்தால் மட்டும் சாமி வந்ததுபோல ஆடுகிறார்கள். போன போட்டியில் என்னை 3–1 என்று ஜெயித்தவர், அடுத்த சுற்றில் நேர்ப் பந்தையே விட்டுத் தோற்றார். நான் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஐந்தாறு பந்து போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். அதற்குப் பிறகு எழுந்திருக்க வாய்ப்பே வருவதில்லை. இது என் பிரமையா? உண்மையென்றால் என்ன செய்ய வேண்டும்?

செ., கோத்தகிரி

அன்புள்ள செ.,

பிரமை இல்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் காரணம் இல்லை. “ஐந்தாறு பந்து போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்” என்று பெருமையாகச் சொல்கிறீர்கள் பாருங்கள், பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

எயிட் பாலில் ஆளுக்கு ஏழு பந்து, கடைசியில் கறுப்பு. உங்களுக்கு முழு நிறமுள்ள சாலிட், எதிராளிக்குப் பட்டை போட்ட ஸ்ட்ரைப் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தைப் போட்டுவிட்டு ஆறாவதை விடுகிறீர்கள். இப்போது டேபிளைப் பாருங்கள். எதிராளியின் ஸ்ட்ரைப் ஏழும் இருக்கின்றன, அவற்றின் வழியை மறிக்க உங்கள் பந்து இரண்டே இரண்டு. மறித்துக்கொண்டிருந்த ஐந்தையும் நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அவருக்கு ஒவ்வொரு பாக்கெட்டும் திறந்து கிடக்கிறது. அவர் நான்கைப் போட்டுவிட்டு ஐந்தாவதைத் தவறவிட்டாலும் உங்களுக்கு லாபமில்லை. மிச்சமிருக்கும் உங்கள் இரண்டில் ஒன்று டேபிளின் ஓரச் சுவரான குஷனோடு ஒட்டியிருக்கும், இன்னொன்று கறுப்புக்குப் பின்னால் இருக்கும். அதனால்தானே அவை கடைசிவரை மிஞ்சின? நேராக அடிக்க வழியில்லாமல் குஷனில் விட்டு அடித்துப் பார்ப்பீர்கள், படாது. ஃபவுல். க்யூவால் அடிக்கிற வெள்ளைப் பந்தை அவர் கையில் எடுத்து வேண்டிய இடத்தில் வைத்து, மீதியை முடித்துவிடுவார்.

இதே மனிதர் அடுத்த சுற்றில் தோற்றதும் இதனால்தான். அங்கே எதிரில் இருந்தவர் ஒன்று, இரண்டு போட்டுவிட்டு அடுத்ததைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார். டேபிள் முழுக்க நெரிசல். நெரிசலில் அவருக்கு ஆடத் தெரியாது. திறந்த டேபிளை அவருக்குக் கொடுத்தவர் நீங்கள்.

ஆகவே முதல் பந்தை அடிக்கும் முன் ஏழையும் எண்ணிப் பாருங்கள். எதற்கு வழி இல்லை? அதை எந்தப் பந்தைப் போடும்போது வெள்ளையால் தட்டித் திறக்கலாம்? தட்டியபின் அடுத்து அடிக்க நிச்சயமாக ஒரு பந்து பக்கத்தில் இருக்குமா? கறுப்புக்கு முந்தைய பந்து எது? இவற்றுக்குப் பதில் இருந்தால் ஓடுங்கள், அதாவது வரிசையாகப் போட்டு முடிக்கப் பாருங்கள். சிக்கலான பந்தை இரண்டாவது, மூன்றாவது அடியிலேயே திறக்கப் பாருங்கள். அப்போது தவறினாலும் உங்கள் பந்துகள் நான்கைந்து அவர் வழியில் நிற்கும். கடைசிக்குத் தள்ளிவைத்தால் தவறும்போது எதுவும் மிஞ்சாது.

பதில் இல்லையென்றால் ஓடாதீர்கள். ஒன்றோ இரண்டோ போட்டுவிட்டு, இன்னொன்றை பாக்கெட் வாயிலில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அது உங்களுக்கு எப்போது வேண்டுமானாலும் விழும். அவருக்கோ அந்தப் பாக்கெட் அடைபட்டுவிடும். சேஃப்டி ஆடும்போது, அதாவது பந்தைப் போடாமல் எதிராளிக்கு வழியில்லாமல் விடும்போது, வெள்ளை, அது தொடும் பந்து இரண்டையும் நினைத்த இடத்தில் நிறுத்தப் பார்ப்பதுதான் பலரும் செய்கிற தவறு. வெள்ளையை மட்டும் கவனியுங்கள், அது உங்கள் பந்துகளுக்குப் பின்னால் மறைந்தால் போதும். தொட்டபின் ஏதாவது ஒரு பந்து குஷனைத் தொட்டாக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். மெதுவாக அடிக்கும் ஆசையில் அங்கேதான் ஃபவுல் ஆகிறது.

இனி, எதிராளி உண்மையிலேயே உயர்கிற விஷயம். அதுவும் உண்டு. உங்களிடம் தோற்றால் அவருக்கு அவமானமில்லை என்பதால் கை இறுக்கமில்லாமல் வருகிறது. மறுபடி வாய்ப்பு வராது என்று தெரிந்து ஒவ்வொரு அடிக்கும் நிதானமாகப் பார்க்கிறார். இதை உங்களால் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். நல்ல ஆட்டம் அப்படித்தான் வருகிறது. ஆனால் அதைப் பார்த்து நீங்கள் மாறுவதைத் தடுக்கலாம். அவர் நான்கு பந்து போடுவதை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்ததும், சாதாரணமாகத் தொடவே மாட்டீர்கள் என்கிற நீளமான பந்தை அடிக்கப் போவீர்கள். “இதை விட்டால் திரும்ப வாய்ப்பு வராது” என்ற பயம் அது. எழுந்தவுடன் குனியாதீர்கள். டேபிளை ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். நடக்கும்போதே சேஃப்டியா, பந்தைப் பாக்கெட்டில் போடும் ‘பாட்’ அடியா என்று முடிவு செய்துவிட்டுக் குனியுங்கள். குனிந்தபின் மனம் மாறினால் நிமிர்ந்து மறுபடி தொடங்குங்கள்.

மலைக்கென்று இரண்டு விஷயம் இருக்கிறது. கோவையின் வறண்ட அறையில் வாரம் முழுக்க ஆடிவிட்டு மேலே வருகிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியிலும் குன்னூரிலும் மழையும் மூடுபனியும் இறங்கும்போது டேபிள் துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பந்து சீக்கிரம் நின்றுவிடும், குஷனில் பட்டுத் திரும்பும் பந்து எதிர்பார்த்ததைவிடக் குட்டையாக வரும். துடைக்காத பந்துகள் ஒன்றையொன்று உரசிப் பிடிப்பதால், மெதுவாக அடிக்கும் சாய்வுப் பந்து போக வேண்டிய கோணத்துக்குப் போகாமல் கோணம் குறைந்து போய் பாக்கெட் ஓரத்தில் மோதும். அந்த டேபிளிலேயே தினமும் ஆடுகிறவருக்கு இது எதுவும் புதிதில்லை. உங்களுக்கு அது அவர் “உயர்ந்ததாக”த் தெரிகிறது. போட்டிக்கு முன் கிடைக்கிற பத்து நிமிடத்தில் பாட் அடித்துப் பழகாதீர்கள். வெள்ளையை மட்டும் வைத்து, ஒரே வேகத்தில் நீளவாக்கில் விட்டு எத்தனை நீளம் ஓடுகிறது என்று பாருங்கள். பிறகு மெதுவான சாய்வுப் பந்து நான்கைந்து. பந்துகளைத் துடைத்துத் தரச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், விறைத்த விரலில் பிரிட்ஜ், அதாவது க்யூவைத் தாங்கும் கைப்பிடிமானம், சரியாக நிற்காது. க்யூவின் மெல்லிய பகுதியை உலர்ந்த துணியால் அடிக்கடி துடையுங்கள்.

இன்னொன்று ஸ்னூக்கர், பூலுக்கு உறவான பெரிய டேபிள் ஆட்டம். ஜபல்பூரில் 1875 வாக்கில் தொடங்கிய அந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பில்தான். இன்றும் மலையில் ஸ்னூக்கர் டேபிளில் கை பழகிவிட்டுப் பூலுக்கு வருகிறவர்களைச் சந்திப்பீர்கள். பன்னிரண்டு அடி டேபிளில் 52.5 மில்லிமீட்டர் பந்தை, விளிம்பு வளைந்த சின்ன பாக்கெட்டில் போட்டுப் பழகியவருக்கு, பூல் டேபிளில் 57 மில்லிமீட்டர் பந்தும் அகலமான பாக்கெட்டும் திருவிழா மாதிரி. தூரத்துப் பந்தை அலட்டாமல் போடுவார். அவரிடம் வெறும் தூரத்தை விட்டுவைப்பது சேஃப்டி ஆகாது. வெள்ளையைக் குஷனோடு ஒட்டியோ, ஒரு பந்துக்குப் பின்னால் மறைத்தோ விடுங்கள். கும்பலாகக் கிடக்கும் பந்துகளை உடைப்பதிலும் குஷன் விட்டு அடிப்பதிலும்தான் அவர் திணறுவார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபிரேமை நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 60 சதவீதம் என்றால், பெஸ்ட் ஆஃப் ஃபைவில் போட்டியை ஜெயிக்கும் வாய்ப்பு 68 சதவீதம்தான். பெஸ்ட் ஆஃப் நைனில் 73, பெஸ்ட் ஆஃப் தர்ட்டீனில் 77. அதாவது உங்களைவிடத் தெளிவாகக் குறைந்த ஆட்டக்காரரிடமே மூன்று போட்டிக்கு ஒன்று தோற்பீர்கள். அதில் யாரும் உயர்ந்திருக்கத் தேவையில்லை. ஜெயித்த இரண்டும் மறந்துபோகும், தோற்ற ஒன்று கோவைக்குப் பஸ் இறங்கும்வரை கூடவே வரும்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோற்ற ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மூன்று விஷயம் எழுதினால் போதும். அவர் முடிக்கத் தொடங்கியபோது டேபிளில் உங்கள் பந்து எத்தனை இருந்தன? வாய்ப்பு அவருக்கு எப்படிப் போனது, பாட் தவறியா, ஃபவுலா, சேஃப்டி பிசகியா? அவர் போட்டவற்றில் நீங்கள் அடித்தால் இரண்டுக்கு ஒன்று தவறக்கூடிய பந்து எத்தனை? மூன்றாவது கேள்விக்கு “இரண்டு அல்லது அதற்கு மேல்” என்று வருகிற ஃபிரேமில் அவர் உண்மையிலேயே நன்றாக ஆடினார், கைகுலுக்கிவிட்டு வாருங்கள். முதல் கேள்விக்கு “ஒன்று, இரண்டு” என்றே வந்துகொண்டிருந்தால், நான் மேலே சொன்ன எண்ணிப் பார்க்கிற வேலை இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். பத்து ஃபிரேம் சேர்ந்ததும் எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்