மர மகரந்த அலர்ஜிக்கான தடுப்பூசிப் பரிசோதனையில் சேரலாமா? சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி போடுவார்களாமே?

தாராளமாகச் சேருங்கள். அந்த மருந்தில்லா ஊசிக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. தை பிறந்து, பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கே இருந்து வறண்ட காற்று அடிக்கத் தொடங்கினால் விடியற்காலையில் இருபது முப்பது தும்மல் வரும், கண் சிவந்து அரிக்கும். கோயம்புத்தூரில் முன்கையில் பல மகரந்தச் சாறுகளைச் சொட்டு சொட்டாக வைத்துக் குத்திப் பார்த்தார்கள். சீமைக்கருவேலம் நன்றாகத் தடித்தது, தென்னை லேசாக. பரிசோதனையில் சேரவில்லை, வழக்கமான சிகிச்சைதான்: மகரந்தச் சாற்றின் அளவைக் கூட்டிக்கொண்டே வாரம் ஒரு ஊசி, பிறகு மாதம் ஒன்று, மொத்தம் மூன்று வருடம்.

முதல் வருடமே தும்மல் பாதியாகக் குறைந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் ஊசியைப் புகழ்ந்தேன். அடுத்த மாசியில் பழையபடி ஆரம்பித்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். முந்தைய மாசியில் மகள் பிரசவத்துக்காக நான் திருச்சூரில் இருந்திருக்கிறேன்! மரத்தை விட்டு விலகி இருந்ததற்கான பலனை ஊசியின் கணக்கில் எழுதிவிட்டேன். மூன்றாம் வருடம் ஊரிலேயே இருந்தேன், செட்ரிசின் மாத்திரையும் நிஜமாகவே குறைந்தது. ஆனாலும் அந்த வருடம் பூ குறைவா, ஊசி வேலை செய்ததா என்று என் ஒருத்தியை வைத்து எப்படிச் சொல்வது?

அதற்குத்தான் மருந்தில்லா ஊசிக் குழு. 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். ஒப்பிட அப்படியொரு குழு அவரிடம் இல்லை. 1954இல்தான் வில்லியம் ஃபிராங்க்லண்ட் என்ற மருத்துவர் 200 நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு மகரந்தமே இல்லாத ஊசி போட்டு ஒப்பிட்டார். அதன் பிறகே இந்தச் சிகிச்சைக்கு உறுதியான ஆதாரம் கிடைத்தது. இரு குழுவும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கும், ஆகவே பூ குறைந்தால் இரு குழுவுக்கும்தான் குறையும், அதை ஊசியின் பலன் என்று ஏமாற மாட்டோம்.

கையெழுத்துப் போடும் முன், எந்த மரத்தின் மகரந்தம் என்று கேளுங்கள். ஐரோப்பாவில் மர மகரந்தப் பரிசோதனை பெரும்பாலும் பிர்ச் மரத்துக்கு. நமக்குச் சீமைக்கருவேலம் என்றால் அந்த ஊசியால் என்ன பயன்? இந்தியாவில் நடக்கும் பரிசோதனை என்றால் சிடிஆர்ஐ (மருத்துவப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண்ணையும் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

இளைப்பு (ஆஸ்துமா) கட்டுக்குள் இல்லாவிட்டால் இப்போது சேரவே வேண்டாம். ஊசி போட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். உடல் முழுக்கத் தடித்து மூச்சு முட்டும் ஆபத்து அரிதானாலும் வந்தால் அட்ரினலின் உடனே போட்டாக வேண்டும். நாட்குறிப்பை அன்றன்று ராத்திரியே எழுதிவிடுங்கள். போட்ட மாத்திரையையும், வெளியூரில் இருந்த நாளையும் சேர்த்து.