ஓட்டிவிட்டுப் பார்த்த படம்

கேள்வி: 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' என்ற ஹாங்காங் குங்ஃபூ படத்தை ஆகா ஓகோ என்கிறார்களே என்று உட்கார்ந்தேன். பாதிப் படத்துக்குச் சண்டையையே காணோம். மொட்டைத் தலைகள் தண்ணீர் தூக்கிக்கொண்டே இருக்கின்றன. ஓட்டிவிட்டுக் கடைசிச் சண்டையை மட்டும் பார்த்தேன், அதுவும் சுமார். 1978-இல் வந்த படத்தை இன்னும் தலையில் வைத்து ஆடுவது வெறும் பழம்பெருமைதானே?

பதில்: படத்தை ஓட்டிவிட்டு, மிச்சம் இருந்ததைப் பார்த்திருக்கிறீர்கள்.

கடைசிச் சண்டை சுமார் என்பதில் உங்களோடு எனக்குத் தகராறு இல்லை. சீனாவை ஆண்ட மஞ்சுக்களின் தளபதியாக லோ லியே நடித்த வில்லனைத் தீர்த்துக்கட்டும் பகுதி அவசர அவசரமாக முடித்தது. தொடக்கத்தில் வரும் புரட்சி, படுகொலை, தப்பியோட்டம் எல்லாம் அந்தக் காலத்து ஹாங்காங்கில் ஷா பிரதர்ஸ் நிறுவனம் வரிசையாகத் தயாரித்துத் தள்ளிய சரக்கு. ஏறத்தாழ 115 நிமிடப் படத்தை இத்தனை ஆண்டுகளாகத் தாங்கிக்கொண்டிருப்பது நீங்கள் விரலால் தள்ளிவிட்ட நடுப்பகுதிதான்.

அந்தத் தண்ணீர்ச் சமாச்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வாளிகளை, கைகளைப் பக்கவாட்டில் நீட்டியபடியே சுமந்து மேடேற வேண்டும். இரண்டு புஜங்களிலும் கத்தி கட்டியிருக்கிறது, முனை விலாவைப் பார்த்தபடி. கை தளர்ந்து இறங்கினால் குத்துவது தன் கத்திதான். ஆசான் அதட்ட வேண்டாம், பிரம்பு எடுக்க வேண்டாம். தப்பு செய்த கணத்திலேயே கருவி தண்டித்துவிடுகிறது. ஷாவோலின் மடத்தில் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு கூடம்; எல்லாக் கூடங்களுக்கும் இதே கணக்குதான். இருட்டறையில் கண்ணுக்கான பயிற்சி: எரியும் இரண்டு பெரிய ஊதுபத்திகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு, எதிரே ஆடும் விளக்கை விழியால் மட்டும் பின்தொடர வேண்டும். தலை திரும்பினால் கன்னம் சுடும். மணிக்கட்டுக்கு, நுனியில் கனம் வைத்த நீளக் கழியால் தாளம் தப்பாமல் மணியை அடிக்க வேண்டும். கனம் கைக்குத் தொலைவில் இருப்பதால் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும்; கை சோர்ந்தால் நுனி தாழும், தாளம் போய்விடும். தலைக்கு மணல் மூட்டைகள். அவற்றை நெற்றியால் முட்டி விலக்கிக்கொண்டு போய்த்தான் புத்தர் சன்னிதியில் ஊதுபத்தி ஏற்ற முடியும்.

பின்னால் வந்த படங்கள் பலவும் இந்த வித்தையை எடுத்துக்கொண்டு, மூன்று நிமிடப் பாட்டில் சுருக்கிவிட்டன. நாயகன் ஓடுகிறான், வியர்க்கிறான், பாட்டு முடிகிறது, வீரனாகிவிட்டான். அதில் காணாமல் போவது தோல்வி. இங்கே நாயகன் சான் டே தோற்பதை முழுசாகக் காட்டுகிறார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்னால் தண்ணீரில் மிதக்கும் கட்டைகள். மற்றவர்கள் மிதித்துத் தாண்டிப் போகிறார்கள், இவன் பொத்தென்று விழுகிறான். பலத்தைக் காட்டிப் பாய்ந்தால் கட்டை அமிழும். பாதம் லேசாக வேண்டும் என்று அவனாகக் கண்டுபிடிக்கும் வரை கேமரா காத்திருக்கிறது. நாமும் காத்திருக்கிறோம். அதனால்தான் அவன் தாண்டும்போது நமக்கும் ஒரு நிம்மதி.

இந்தக் கட்டைக்கு முன்னால் நடப்பது ஒன்று உண்டு. உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். சான் டே எடுத்த எடுப்பிலேயே உச்சியில் இருக்கும் 35-வது கூடத்துக்குப் போகிறான். மூத்த துறவிகள் ஓதிக்கொண்டிருக்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை, தூக்கி எறியப்படுகிறான். பிறகுதான் அடியிலிருந்து தொடங்குகிறான்.

இயக்கிய லாவ் கார்-லியூங்கின் தந்தை, லாம் சாய்-விங்கின் மாணவர். லாம் சாய்-விங், புகழ்பெற்ற குங்ஃபூ ஆசான் வாங் ஃபே-ஹுங்கின் மாணவர். ஹுங் கா என்ற தென்சீனக் குங்ஃபூ மரபில் வந்த கை அது. இயக்குநர் ஆவதற்கு முன், ஷா பிரதர்ஸ் இயக்குநர் சாங் சேயின் படங்களுக்கு ஆண்டுக்கணக்கில் சண்டை அமைத்தவர். நாயகன் கோர்டன் லியூவும் அதே லாவ் குடும்பத்தில் வித்தை கற்றவர். ஆகவே மறைக்க ஒன்றுமில்லை: அகலத்திரையில் தலை முதல் கால் வரை ஆளைக் காட்டி, ஒரே ஷாட்டில் ஏழெட்டு அசைவுகளை ஓடவிட முடிகிறது. அடி கிளம்புவது, தடுப்பது, திரும்புவது மூன்றும் ஒரே சட்டத்துக்குள். ஆளுக்கு வித்தை தெரியாத இடத்தில்தான் அடிக்கு ஒரு முறை ஷாட்டை வெட்ட வேண்டியிருக்கிறது.

கடைசிச் சண்டைக்குப் பதிலாக நீங்கள் பார்த்திருக்க வேண்டியது, சான் டே மடத்தின் மூத்த துறவியோடு மோதும் சண்டைகள். அவர் கையில் இரட்டைப் பட்டாம்பூச்சி வாள், குட்டையானது, அகலமானது. நீள ஆயுதத்தை ஒரு வாள் தடுத்து நிறுத்தும், அதே நொடியில் மற்றது உள்ளே புகுந்துவிடும். சான் டே தோற்கிறான், மறுபடியும் தோற்கிறான். மூங்கிலை வெட்டும்போதுதான் விடை கிடைக்கிறது: சங்கிலியால் கோத்த மூன்று துண்டுக் கழி. நேர்க் கழியைத் தடுத்தால் அது அங்கேயே நின்றுவிடும். இதை நடுவில் தடுத்தால், தடுத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நுனி போய் விழும். கையாளத் தெரியாவிட்டால் அதே நுனி சொந்த மண்டைக்கும் வரும் என்பது வேறு விஷயம். முன்னே பழக்கிய மணிக்கட்டும் கண்ணும் இங்கேதான் வட்டியோடு திரும்புகின்றன. பயிற்சியைத் தள்ளிவிட்டவருக்கு இது வெறும் கம்புச்சுற்றல்.

பழம்பெருமை என்கிறீர்கள். நியூயார்க்கின் வூ-டாங் கிளான் ராப் குழு 1993-இல் தன் முதல் ஆல்பத்துக்கே இந்த 36 கூடங்களின் பெயரை வைத்துக்கொண்டது. அவர்கள் ஊரில் படம் 'மாஸ்டர் கில்லர்' என்ற பெயரில் ஓடியது. ஹாங்காங்கின் பழம்பெருமையை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்?

மறுபடி பார்ப்பதானால் ஷா பிரதர்ஸ் படங்களைப் புதுப்பித்து வெளியிட்ட செலஸ்டியல் நிறுவனத்தின் பிரதியைப் பாருங்கள், சீன ஒலியும் வசன எழுத்துமாக. பழைய வீடியோ பிரதிகளில் இரண்டு ஓரமும் வெட்டப்பட்டிருக்கும். மூன்று துண்டுக் கழியில் ஒரு துண்டு எப்போதும் திரைக்கு வெளியே. பிடித்துப்போனால் அடுத்து 1980-இல் வந்த 'ரிட்டர்ன் டு தி 36த் சேம்பர்'. அதே கோர்டன் லியூ, இம்முறை சான் டே என்று பொய் சொல்லித் திரியும் போலி. மடத்தில் அவனுக்குச் சாரம் கட்டும் வேலை கொடுக்கிறார்கள், அதிலேயே வித்தை படிந்துவிடுகிறது. 1985-இன் மூன்றாம் பாகத்துக்கு அவசரமில்லை. வேண்டுமானால் அதை ஓட்டிவிட்டுப் பாருங்கள், நான் கேட்கமாட்டேன்.