தங்க நூலும் கறுத்த மூலையும்

அன்புள்ள ஐயாவுக்கு,

பன்னிரண்டு வருடமாகத் துணிமேல் ஜரிகை தைக்கும் ஆரி, சர்தோசி வேலை செய்கிறேன். எல்லாம் உடைகளுக்குத்தான். போன வருடம் முதல்முறையாக, யாரும் கேட்காமல் எனக்காக இரண்டு செய்தேன். ஒன்று மயில். உடம்பு முழுக்கத் தங்க ஜரிகை, எட்டு மாத வேலை. இன்னொன்று, ஒரு கிழிந்த சாக்கைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கிழிசல்களின் ஓரத்தில் மட்டும் வெள்ளி இழையும் பொன்முலாம் இழையும் வைத்துத் தைத்தது. ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கு இரண்டையும் அனுப்பினேன். "இது கைவினைப் பிரிவுக்குப் போக வேண்டியது" என்று திருப்பிவிட்டார்கள். நான் செய்தது கலையா, கைவேலையா? இன்னொரு கவலையும் இருக்கிறது. சாக்கின் ஒரு மூலையில் வெள்ளி கறுக்க ஆரம்பித்துவிட்டது. பிரித்துத் திரும்பத் தைக்கவா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த மூலை. பிரிக்காதீர்கள். பாலிஷ் எதையும் தொட்டு வைக்காதீர்கள், முலாம் போய்விடும். தங்க இழை என்று நாம் சொல்வது முழுத் தங்கம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். பழைய முறையில், பொன்முலாம் பூசிய மெல்லிய வெள்ளித் தகட்டைப் பட்டு நூல்மேல் சுற்றுவார்கள். முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி வெளியே வரும், காற்றில் இருக்கும் கந்தக வாயு பட்டுக் கறுக்கும். வெறும் வெள்ளிக்கு முலாம் தேயும்வரைகூடப் பொறுமை கிடையாது. ஒரே மூலைதான் என்கிறீர்கள். அங்கே மட்டும் மேடு கட்ட அடியில் கம்பளித் துணி வைத்தீர்களா? கம்பளியில் கந்தகம் உண்டு. அல்லது உங்கள் கை அங்கே அதிக நேரம் ஊன்றியிருக்கலாம், வியர்வையும் ஒரு காரணம்தான். எதுவென்று பார்த்து, வேகமாகப் பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும். வந்த கறுப்பு இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கலையா, கைவேலையா என்ற கேள்வி பழையது. அதற்குக் கிடைத்து வந்த பதிலும் அவ்வளவு நியாயமானதல்ல. ஃப்ளாரன்ஸ் நகரில் 1460களில் தொடங்கி இருபது ஆண்டுகளை ஒட்டி ஒரு வேலை நடந்தது. திருமுழுக்கு யோவானின் வாழ்க்கையைப் பொன் இழையிலும் பட்டிலும் தைத்து, திருச்சடங்கு உடைகளில் பதித்தார்கள். அதில் 27 துண்டுகள் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்து கொடுத்தவர் அந்தோனியோ தெல் பொல்லாயுவோலோ. கலை வரலாற்றில் அவர் பெரிய பெயர். தைத்தவர்கள் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். சிலர் பெயர்கூட அந்தக் காலக் கணக்கில் எழுதியிருக்கிறது. அந்தப் பெயர்களை இன்று யார் சொல்கிறார்கள்? அந்த வேலையைப் பற்றிப் பேசினால் 'பொல்லாயுவோலோவின் பூவேலை' என்றுதான் பேச்சு. அவர் ஊசியைப் பிடித்தவர் அல்ல. உங்களைத் திருப்பி அனுப்பியவர்களின் மனதில் இருப்பதும் இந்தக் கணக்குதான்: கோடு போட்டவர் கலைஞர், இழை போட்டவர் கூலி ஆள்.

உங்கள் விஷயத்தில் கோடும் இழையும் ஒரே கை. அந்தப் பழைய கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். மயிலைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

மயிலில் உங்கள் கை அபாரம். கழுத்தில் சர்தோசிச் சுருளை, அந்த ஸ்பிரிங் மாதிரியான மெல்லிய கம்பிச் சுருளை, துண்டு துண்டாக வெட்டிக் கோத்திருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த வேலையை ஒருமுறை நானே செய்து பார்த்திருக்கிறேன், அதனால் தெரியும். ஒரு துண்டு அரிசி நுனி அளவு நீளம் கூடிவிட்டால் நடுவில் கூன் விழும். குட்டையானால் அடி நூல் பல்லிளிக்கும். சரி என்று நூலை இழுத்தால் சுருள் விரிந்துகொள்ளும், அப்புறம் அது மூடாது. என்னுடைய பத்துத் துண்டில் எட்டு குப்பைக்குப் போயின. உங்கள் மயிலின் கழுத்தில் கூன் ஒன்றுகூட இல்லை.

ஆனால் அந்த மயிலைப் பொன் நிறப் பெயின்டில் வரைந்திருந்தாலும் நீங்கள் சொல்ல நினைத்தது வந்திருக்கும். இழை அங்கே வண்ணத்துக்குப் பதிலாள், அவ்வளவுதான். அதே ஃப்ளாரன்ஸ் துண்டுகளில் கையாண்ட முறையைப் பாருங்கள். பிரெஞ்சில் 'ஓர் நுவே' என்பார்கள், நிழல் விழுந்த பொன் என்று சொல்லலாம். தங்க இழைகளை முதலில் வரிசையாகக் கிடத்திவிடுகிறார்கள். ஊசி அவற்றை ஊடுருவுவதில்லை. வண்ணப் பட்டு நூல் மேலே தாண்டித் தாண்டி அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. நிழல் வேண்டிய இடத்தில் பட்டுத் தையல் நெருக்கம். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தையல் விலகி, பொன் தானாக வெளியே தெரிகிறது. ஓவியர் வெளிச்சத்தை மேலே பூச வேண்டும். இங்கே வெளிச்சம் அடியிலேயே கிடக்கிறது, எங்கே மூடுவது என்பதுதான் வேலை. வேறு எந்த ஊடகத்திலும் அந்தப் படத்தை அப்படியே கொண்டுவர முடியாது.

உங்கள் சாக்கில் நான் பார்த்ததும் இதைத்தான். உடைந்த பீங்கானைப் பொன்னால் ஒட்டும் ஜப்பானிய வேலையின் நகலாக இருக்குமோ என்று பயந்தபடிதான் படத்தைத் திறந்தேன், அது இப்போது எங்கே பார்த்தாலும் வருகிறது. நீங்கள் ஒட்டவில்லை. கிழிசலைத் திறந்தே விட்டு, ஓரத்தை மட்டும் காவல் காத்திருக்கிறீர்கள். சணல் பிசிறும் பொன் இழையும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் அந்த இடத்தில் எது எதைத் தாங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கறுப்பை விடச் சொன்னதும் இதனால்தான். முலாம் போட்டது மினுங்கிக்கொண்டே இருக்க, பக்கத்தில் வெள்ளி கறுத்துக்கொண்டு போகும். சாக்கு கிழிந்தது முடிந்துபோன கதை என்று தோன்றவிடாமல் அது செய்கிறது. யாராவது வாங்கினால் மட்டும், இது இன்னும் கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், விவரக் குறிப்பில் 'எட்டு மாத உழைப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். 1953 முடிசூட்டு விழாவில் எலிசபெத் அரசி அணிந்த ஊதா மேலங்கிக்கு 12 பேர், 18 வகைத் தங்க இழை, 3,500 மணி நேரம் என்று கணக்குச் சொல்வார்கள். கேட்டு வாயைப் பிளந்துவிட்டு, நாம் அங்கியைப் பார்க்காமலே நகர்ந்துவிடுவோம். மணிக்கணக்கு கூலி கேட்க உதவும், கேளுங்கள். சுவரில் தொங்கும்போது அதற்கு வேலை இல்லை.

அடுத்த முறை சாக்கை மட்டும் அனுப்புங்கள், ஓவியப் பிரிவுக்கே. படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். நீங்கள் எனக்கு அனுப்பியதில் பாதிப் பொன் வெறும் வெள்ளைத் திட்டாக வந்திருக்கிறது. இருட்டறையில் ஒரே விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, அதை மெல்ல நகர்த்தி, ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள், அந்த இடது பக்கக் கிழிசல் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.